மூடியைத் திறந்து பாருங்கள்: ஜெட் படகு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

ஏரிகளில் பனிக்கட்டி உடைந்துவிட்டது. இன்னும் சில கிழமைகளில் மே மாத நீண்ட வார இறுதி வந்துவிடும். உங்களில் பலர் பனிக்காலத்தில் விளம்பரம் பார்த்து, பேரம் பேசி, பழைய ஜெட் படகொன்றை வாங்கி, ஒன்ராறியோவில் ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஏஜக்ஸிலோ வீட்டு முற்றத்தில் நீலத் தறப்பாளால் மூடி வைத்திருக்கிறீர்கள். அந்தத் தறப்பாளை அவிழ்க்குமுன் இந்த மடல் உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

கிழமை நாட்களில் நான் ஒரு கராஜில் கார் திருத்துகிறவன். சனி, ஞாயிறுகளில் படகு எஞ்சின் பார்க்கிறேன். கோடையில் எனக்கு வரும் அழைப்புகளில் மிகுதியானவை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஏரி நடுவிலிருந்து வருபவை. "அண்ணை, எஞ்சின் சத்தம் போடுது, படகு நகருதில்லை." பின்னால் ஒரு பிள்ளை அழுவது கேட்கும். காற்று போனுக்குள் இரையும். நான் கேட்கும் முதல் கேள்வி, எல்லோரும் உயிர்காப்பு அங்கி போட்டிருக்கிறீர்களா என்பது. இரண்டாவது, எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தீர்களா என்பது. இந்த இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் என்னை நெடுநாளாக வருத்துகிறது. "அதைத் திறக்கிறது எப்படி அண்ணை?" படகு வாங்கி இரண்டு கோடை கழிந்திருக்கும்.

தெரியாமல் இருப்பது குற்றமில்லை. விற்றவர் திறந்து காட்டவில்லை, நீங்கள் கேட்கவுமில்லை. "வெளியே சுற்றும் விசிறி இல்லை, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு, பராமரிப்பென்று பெரிதாக ஒன்றுமில்லை" என்று சொல்லித்தான் ஜெட் படகு நம் வீடுகளுக்கு வந்தது. இந்த மூன்றில் முதலாவது மட்டும்தான் உண்மை. மற்ற இரண்டையும் நம்பி நம்மவர்கள் காசையும் கோடையையும் இழப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு உயிரும் போய்விடக் கூடாதே என்ற பயத்தில்தான் இப்போது வாய் திறக்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தின் வடமராட்சிக் கரையில் வளர்ந்தவன். அப்பா கடற்றொழிலாளர்களின் எஞ்சின்களைத் திருத்தினார். யுத்தத்தின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகமும் குடாநாட்டுக்குள் வருவதே அரிது. உடைந்ததை எறிய முடியாது. ஒட்டி, அரவி, வேறொன்றில் கழற்றிப் பூட்டி ஓட வைக்க வேண்டும். தன் எஞ்சினைத் தானே கழற்றத் தெரியாத ஒருவரை அந்தக் கரையில் நான் கண்டதில்லை. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்கூட எஞ்சினின் இருமலைக் கேட்டு எந்தச் சிலிண்டர் நோய்ப்பட்டிருக்கிறது என்று சொல்வார். கரையை விட்டு ஐந்து மைல் போனபின் அது நின்றால் உதவிக்கு யாரும் வரமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்த மனிதர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சிம்கோ ஏரியின் நடுவில் நின்றுகொண்டு மூடியைத் திறப்பது எப்படி என்று கேட்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

உங்கள் படகு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது படகு வடிவில் இருக்கும் தண்ணீர்ப் பம்ப். நியூசிலாந்தின் தென் தீவில் பில் ஹமில்ரன் என்ற பண்ணைக்காரர் 1950களில் இதற்கு உருக்கொடுத்தார். அவருடைய ஊர்ப்பக்க ஆறுகள் அகலமானவை, வேகமானவை. ஆனால் பல இடங்களில் கணுக்கால் அளவே தண்ணீர் ஓடும் கூழாங்கல் ஆறுகள். விசிறி பூட்டிய படகு அங்கே கல்லில் அடித்து நொறுங்கும். அதனால் படகின் அடியில் ஒரு வாய் வைத்து, தண்ணீரை உள்ளே உறிஞ்சி, பின்பக்கமாகப் பீச்சியடித்து, அந்த உதைப்பிலேயே படகை ஓட வைத்தார். 1960இல் அவருடைய ஜெட் பூட்டிய படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கு வழியாக நீரோட்டத்தை எதிர்த்து மேலேறின. அதற்கு முன் எந்தப் படகும் அதைச் செய்ததில்லை. கியூபெக்கின் வல்கூரில் பொம்பார்டியே நிறுவனம் 1968இல் முதல் சீ-டூ தண்ணீர்ஸ்கூட்டரைச் செய்தது. 1990களின் நடுப்பகுதியில் நாலைந்து பேர் இருந்து ஓடும் விளையாட்டுப் படகுகளுக்கும் ஜெட்டைக் கொண்டுவந்தது. யமஹாவும் அதே வழியில் வந்தது. உங்கள் முற்றத்தில் நிற்பது பெரும்பாலும் இந்தக் குடும்பத்துப் பிள்ளை.

பம்ப் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? ஊரில் கிணற்றுக்குப் பம்ப் வைத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தண்ணீரோடு வருவதெல்லாம் பம்புக்குள் வரும். மண் வரும், கல் வரும், பாசி வரும், கயிறு வரும். ஸ்கூகொக் ஏரியின் சராசரி ஆழம் ஒன்றரை மீற்றர்கூட இல்லை. ஜூலை பிறந்தால் அடியிலிருந்து மேல்வரை செடி அடர்ந்திருக்கும். வீட்டுக்குக் கிட்ட என்று உங்களில் எத்தனையோ பேர் அங்கேதான் படகை இறக்குகிறீர்கள். செடி போய் அடியில் உறிஞ்சும் வாயிலிருக்கும் கம்பித்தட்டை அடைத்தால் பம்புக்குத் தண்ணீர் போதாமல் போகும். பல பழைய எஞ்சின்களுக்குக் குளிர்ச்சி கொடுப்பதும் அந்தப் பம்ப் தள்ளும் அதே ஏரித் தண்ணீர்தான். ஆகவே அடைத்த பம்போடு அடம்பிடித்து ஓட்டினால் படகு நிற்பதோடு போகாது, எஞ்சினும் வேகும். எச்சரிக்கைச் சத்தம் கேட்டபின்னும் "கரை வரைக்கும் போய்விடலாம்" என்று ஓட்டியவர்களின் எஞ்சின்களைத் திறந்திருக்கிறேன். பிஸ்ரனின் பக்கவாட்டு உரிந்து கிடக்கும்.

உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியிருக்கும் வளையத்துக்கும் இடையில் இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீற்றரிலும் குறைவு. பல படகுகளில் அந்த வளையம் பிளாஸ்ரிக்கில் செய்தது. விலை கூடிய இம்பெல்லருக்குப் பதிலாக அது தேயட்டும் என்றே வைத்தது. ஒரு கூழாங்கல் உள்ளே போனால் வளையத்தில் தவாளிப்பு விழும், இம்பெல்லரின் ஓரம் மழுங்கும். இடைவெளி கூடினால் தண்ணீர் பின்னால் போகாமல் உள்ளேயே வழுகிச் சுழலும், குமிழி கிளம்பும். எஞ்சின் அலறும், சுற்று காட்டும் முள் ஏறும், படகு மட்டும் எழும்பாது. இதை எஞ்சின் பழுதென்று நினைத்து ஒரு தம்பி இரண்டு தடவை பிளக் மாற்றி, கார்புரேற்றர் மாற்றி, ஆயிரம் டொலருக்கு மேல் செலவழித்தபின் என்னிடம் வந்தார். நான் ஒரு கருவியும் எடுக்கவில்லை. பற்றரியைக் கழற்றிவிட்டு, பின்பக்கத்தால் ரோர்ச் அடித்து உள்ளே பார்த்தேன். விரல் நகம் நுழையுமளவுக்குத் தவாளிப்பு. வளையத்தைக் கழற்றிப் புதிது பூட்ட ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. அவருடைய கோடை அதற்குள் முடிந்துவிட்டது.

ஆகவே கரையோர மணலில் படகைத் தட்ட விட்டு எஞ்சினை இயக்காதீர்கள். படகின் அடியில் 90 சென்ரிமீற்றராவது தண்ணீர் வேண்டும். அந்தளவு ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போங்கள், பிறகு இயக்குங்கள். பிள்ளைகள் கரையில் நின்று பார்க்க ஆசைப்படுவார்கள். பார்க்கட்டும், நீங்கள் தள்ளுவதையும் பார்க்கட்டும்.

இனிச் சொல்லப்போவதை இரண்டு தரம் வாசியுங்கள். ஜெட் படகுக்குச் சுக்கான் கிடையாது. நீங்கள் திருப்பும்போது பின்னாலுள்ள குழல் திரும்பி, பீச்சும் தண்ணீரின் திசையை மாற்றுகிறது, அவ்வளவுதான். எஞ்சினைக் குறைத்தால் பீச்சும் தண்ணீர் குறையும். தண்ணீர் குறைந்தால் நீங்கள் ஸ்ரியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் படகு போன திசையிலேயே போகும். காரோட்டிப் பழகிய நமது மூளை, முன்னால் ஆபத்து வந்தால் உடனே காலை எடுக்கச் சொல்லும். காரில் அந்தப் பழக்கம் உயிரைக் காக்கும். ஜெட் படகில் எஞ்சினைக் குறைத்த கணமே திருப்பும் வலுவை நீங்களே கைவிட்டுவிடுகிறீர்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் படகு ஒரு செக்கனுக்கு 14 மீற்றர் போகும். முன்னால் நீந்துகிறவரை நேராகப் பார்த்தபடியே அவர்மேல் போய்விழக்கூடிய படகு இது. பின்னாளில் வந்த சிலவற்றில் சிறு தகடுகள் வைத்து இந்தக் குறையைக் கொஞ்சம் தணித்திருக்கிறார்கள். உங்கள் பழைய படகில் அது இல்லை என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

விலகுவதற்குக் கொஞ்சம் வலு கொடுத்துத்தான் திருப்ப வேண்டும். இதை வாசித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, கைக்குப் பழகுவது வேறொன்று. ஆளில்லாத திறந்த தண்ணீரில், ஒரு மிதவையை வீசிவிட்டு, அதை நோக்கிப் போய், வலுவோடு திருப்பியும் வலுவில்லாமல் திருப்பியும் பாருங்கள். எஞ்சினைக் குறைத்தபின் எத்தனை படகு நீளம் ஓடி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இதை ஒரு பத்துத் தடவையாவது செய்யாத ஒருவர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

திருத்துமிடங்களைப் பற்றி உங்களுக்கு இருக்கும் மனக்குறை எனக்கும் உண்டு. "பத்து வருடத்துக்கு மேற்பட்டதென்றால் தொடமாட்டோம்" என்று என்னையும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மூன்று இடம் ஏறி இறங்கி, மூன்றிலும் அதே பதில். ஆணி துருப்பிடித்து முறியும், பாகம் கிடைக்காது, ஒன்றைத் தொட்டால் இன்னொன்று போகும், கடைசியில் பழி எங்கள் தலையில் விழும் என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சீ-டூ விளையாட்டுப் படகுகள் செய்வதை, பொம்பார்டியேயின் வழிவந்த பிஆர்பி நிறுவனம் 2012இல் நிறுத்திவிட்டது. எஞ்சினுக்கும் பம்புக்குமான பாகங்களில் பல, தண்ணீர்ஸ்கூட்டருக்கும் படகுக்கும் பொதுவானவை என்பதால் இன்னும் கிடைக்கின்றன. படகுக்கென்றே செய்த இருக்கை, மூடி, பலகைச் சாமான்களுக்குத்தான் அலைய வேண்டும். ஆனால் பாகம் கிடைத்தாலும் பூட்டுகிற கை வேண்டுமே. ஆயிரக்கணக்கான படகுகளை விற்றுவிட்டு, வயதாகிவிட்டதென்று கதவைச் சாத்துவது சரியில்லை. அதற்காக நாம் கதவைத் தட்டிக்கொண்டே நிற்கவும் முடியாது. ஒன்ராறியோவின் கோடை நாலு மாதம் காணாது.

வாங்குமுன் என்னைக் கூப்பிட்டவர்கள் சிலர்தான். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் கயிற்றைக் கையில் வாங்காத சனம் நாங்கள். படகு வாங்கும்போது அந்தப் புத்தி எங்கே போகிறது? வெளிப்பூச்சு மினுங்குகிறதா, பாட்டுப் பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்கிறீர்கள். ஒயில் அளவுகோலை இழுத்துப் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் ஒயில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருந்தால் திரும்பிப் பாராமல் வாருங்கள். பின்பக்கம் வலது மூலையில் பொறித்திருக்கும் 12 எழுத்து இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, அந்தப் படகின்மேல் கடன் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். முந்தியவரின் கடனுக்காக உங்கள் முற்றத்திலிருந்து படகை இழுத்துக்கொண்டு போக வழியிருக்கிறது.

இரண்டு எஞ்சின்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1990களின் சீ-டூக்களில் வந்த சாம்பல்நிறப் பெற்றோல் குழாய்கள் காலப்போக்கில் உட்புறம் கரைந்து பச்சைப் பசையாகி, கார்புரேற்றருக்குள் இருக்கும் சிறு வலையை அடைக்கும். பெற்றோல் குறைந்து வரும் சிலிண்டர் சூடேறி, பிஸ்ரன் இறுகும். உங்கள் படகில் இன்னும் அந்தச் சாம்பல்நிறக் குழாய் இருந்தால், கறுப்புக் குழாய் மாற்றி கார்புரேற்றரைக் கழுவும்வரை ஓட்டாதீர்கள். அடுத்தது, 2000களின் நடுப்பகுதியில் சீ-டூக்களில் வந்த, சூப்பர்சார்ஜர் பூட்டிய ரோட்டக்ஸ் எஞ்சின். அந்தச் சூப்பர்சார்ஜரின் கிளச்சுக்குள் பீங்கான் வளையங்கள் இருந்தன. ஏறத்தாழ 100 மணித்தியால ஓட்டத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றிப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் விட்டு வளையம் உடைந்தால், துண்டுகள் ஒயிலோடு கலந்து எஞ்சின் முழுவதும் போகும். பிறகு உலோக வளையங்கள் வந்தன. விற்பவரிடம் "சூப்பர்சார்ஜரை எப்போது திறந்தீர்கள், எந்த வளையம் போட்டீர்கள், பற்றுச்சீட்டு எங்கே" என்று கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லையென்றால் திறக்கவில்லை என்று கணக்கு வைத்து விலையைப் பேசுங்கள். வலுக்கூடிய படகு மலிவாகக் கிடைத்தால் பலருக்கு இந்தச் செலவுதான் உள்ளே காத்திருக்கிறது.

முற்றத்தில் வைத்துத் தோட்டக் குழாயைப் பூட்டி எஞ்சினைக் கழுவுவதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் எஞ்சினை இயக்க வேண்டும், உடனே பைப்பைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் பைப்பை மூட வேண்டும், பிறகு சில செக்கனில் எஞ்சினை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால், ஓடாத எஞ்சினுக்குள் எக்சோஸ்ற் வழியாகத் தண்ணீர் பின்னேறிச் சிலிண்டரை நிரப்பும். தண்ணீர் அமுங்காது. அந்த நிலையில் சாவியைத் திருப்பினால் பிஸ்ரனைத் தாங்கும் தண்டு வளையும். மணித்தியாலக் கணக்கில் கவனமாக வேலை செய்து, புதுப் பிளக் போட்டு, கழுவும்போது இந்த ஒரு வரிசையைப் பிழைவிட்டு எஞ்சினையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். பழுதான படகைக் கயிறு கட்டி இழுக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. வேகமாக இழுத்தால் தண்ணீர் உள்ளே தள்ளப்படும். ஆள் நடக்கும் வேகத்துக்குச் சற்றே கூட வைத்து இழுக்கச் சொல்லுங்கள், அவசரப்படுகிற உதவியாளரிடம் கெஞ்சியாவது சொல்லுங்கள்.

பனிக்காலத்தைப் பற்றி ஒக்ரோபரில் எழுதியிருக்க வேண்டும். இப்போது சொல்வதற்குக் காரணம், இந்த மே மாதம் தறப்பாளை அவிழ்க்கும் சிலருக்குப் பனி செய்த சேதம் ஏற்கெனவே உள்ளே காத்திருக்கும். உறையும் தண்ணீர் ஒன்பது வீதமளவு விரியும். உள்ளே தேங்கிய ஏரித் தண்ணீர் இந்தக் குளிரில் இரும்பையும் அலுமினியத்தையும் பிளந்துவிடும். எஞ்சினுக்கு மூடிய குளிரூட்டல் இருந்தாலும் அதன் எக்சோஸ்ற் பகுதியில் ஏரித் தண்ணீர் ஓடுகிறது. அங்கேயும் உறைதடுப்பு போயிருக்க வேண்டும். போன இலையுதிர்காலத்தில் படகுக்கான இளஞ்சிவப்பு உறைதடுப்பை ஊற்றினோமா என்று உங்களுக்கு நிச்சயமில்லையென்றால், தண்ணீரில் இறக்குமுன் முற்றத்திலேயே குழாய் பூட்டி ஓட்டி, எங்கே ஒழுகுகிறது என்று மூடியைத் திறந்தபடி பாருங்கள். அடுத்த முறை காருக்கு ஊற்றும் பச்சை உறைதடுப்பை ஊற்றிவிடாதீர்கள். அது நஞ்சு. வசந்தத்தில் முதல் ஓட்டத்தோடு ஏரிக்குள் போகும்.

இனி வீட்டாரைப் பற்றி. பின்பக்கத் தட்டில் ஆட்கள் இருந்து காலை நனைப்பது வழக்கம். எஞ்சின் ஓடும்போது அங்கே ஒருவரும் இருக்கக் கூடாது; ஏணியால் ஏறுவதும் கூடாது. வெளியே விசிறி இல்லைதான், ஆனால் அடியில் உறிஞ்சும் வாய் இருக்கிறது. நீண்ட கூந்தல், சால்வை, அங்கியின் தொங்கும் நாடா எதையும் அது இழுக்கும். பின்னால் பீச்சும் தண்ணீர் உடம்பின் உட்பகுதிகளைக் கிழிக்கும் வலுவுள்ளது. பின்னிருக்கையிலிருந்து விழுந்தவர்களுக்கு அப்படிக் காயம் நேர்ந்திருக்கிறது. படகிலேயே அதற்கான எச்சரிக்கை ஒட்டியிருக்கிறது, வாசியுங்கள். ஏரிக்கு வரும் அம்மாமாருக்கும் தங்கைமாருக்கும் சொல்லுங்கள்: கூந்தலைக் கட்டிக்கொண்டு, உடம்போடு ஒட்டிய உடுப்புப் போட்டு, எஞ்சின் நின்றபின் ஏறவும் இறங்கவும் வேண்டும். சாவியோடு இருக்கும் சுருள் கயிற்றை ஓட்டுகிறவர் தன் மணிக்கட்டிலோ அங்கியிலோ கொளுவ வேண்டும். செடி எடுக்கக் கையை விடுவதற்கு முன் அந்தச் சாவி கழன்று உங்கள் பொக்கற்றுக்குள் இருக்க வேண்டும்.

மூடிய எஞ்சின் அறைக்குள் பெற்றோல் ஆவி தங்கும். அது காற்றை விடக் கனமானது, அடியில் படுத்திருக்கும், ஒரு பொறிக்குக் காத்திருக்கும். சாவியைத் திருப்புமுன் அந்த ஆவியை வெளியேற்றும் புளோவரை நாலு நிமிடம் ஓட விடுவது கனடாவில் சட்டம். பிள்ளைகள் அவசரப்படுத்துவார்கள். பெற்றோல் அடித்த கையோடு இயக்கி, மூடி பறந்த படகை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பம் தப்பியது. தகப்பனின் முகத்தில் தழும்பு இருக்கிறது. அவர் கேட்டுக்கொண்டபடியே இதை இங்கே எழுதுகிறேன்.

படகு செலுத்தும் அட்டை இல்லாமல் ஓட்டாதீர்கள். 16 வயதாகாத பிள்ளை, பெரியவர் துணையில்லாமல் 40 குதிரைவலுவுக்கு மேற்பட்ட படகை ஓட்டுவது சட்டத்துக்கு மாறானது. உங்கள் படகு எதுவாக இருந்தாலும் அதற்கு மேற்பட்டதாகவே இருக்கும். கரையிலிருந்து 30 மீற்றருக்குள் மணிக்கு 10 கிலோமீற்றர்தான். ஏரியை விட்டு ஏற்றும்போது செடியைத் துடைத்து, வடிகால் ஆணியைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் வீதிக்குக் கொண்டுபோக வேண்டும். 2022 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து இது ஒன்ராறியோவின் சட்டம். நம் ட்ரெயிலரில் ஒட்டிக்கொண்டு வேற்றுச் செடியும் சிப்பியும் இன்னோர் ஏரிக்குப் போகக் கூடாது. கழற்றிய ஆணியை அடுத்த முறை இறக்குமுன் திரும்பப் பூட்டுங்கள். பூட்ட மறந்து இறங்குதுறையிலேயே தாழ்ந்த படகுகள் ஒவ்வொரு மே மாதமும் உண்டு.

இவ்வளவும் சொல்லிவிட்டு உங்களிடம் நான் கேட்பது ஒரு நாள். நீண்ட வார இறுதிக்கு முன் ஒரு முழுச் சனிக்கிழமையை அந்தப் படகுக்குக் கொடுங்கள். மூடியைத் திறவுங்கள். எஞ்சின் எங்கே, பற்றரி எங்கே, பெற்றோல் குழாய் எங்கே, தண்டு படகை விட்டு வெளியேறும் இடத்தில் தண்ணீர் கசிகிறதா என்று ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். பின்னால் குனிந்து இம்பெல்லரைப் பாருங்கள், வளையத்தை ரோர்ச் அடித்துப் பாருங்கள். தோட்டக் குழாயைச் சரியான வரிசையில் பூட்டி ஓட்டுங்கள். ஒரு கொப்பியில் ஓடிய மணித்தியாலத்தையும் மாற்றிய சாமானையும் எழுதத் தொடங்குங்கள். பதினைந்து வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால், ஆணோ பெண்ணோ, பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பனர் பிடிக்கக் கொடுங்கள். என் அப்பா எனக்கு அப்படித்தான் கொடுத்தார்.

அடுத்த நாள், முதல் ஓட்டத்துக்குக் குடும்பத்தை ஏற்றாதீர்கள். நீந்தத் தெரிந்த, வளர்ந்த ஒருவரை மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள். இருவரும் அங்கியை இறுக்கிக் கட்டுங்கள். மே மாதத்தில் சிம்கோவின் தண்ணீர் ஆளை நிமிடங்களில் விறைக்க வைக்கும். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஒரு மணித்தியாலம் ஓட்டி, மிதவையைச் சுற்றிப் பழகி, மூடியைத் திறந்து உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளுக்கு ஒரு கிழமை ஏமாற்றமாக இருக்கும்.

உங்களில் கைவேலை தெரிந்தவர்களிடம் இன்னொரு வேண்டுகோள். கராஜில் வேலை செய்கிறவர்கள், தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கிறவர்கள், ஊரில் எஞ்சின் கழற்றிய மாமாமார் எங்களுக்குள் நிறைய இருக்கிறார்கள். பக்கத்து வீதியில் தறப்பாள் போட்ட படகு நின்றால் கதவைத் தட்டுங்கள். அமுக்கம் அளக்கும் கருவியும் ஒரு செற் ஸ்பனரும் வைத்திருக்கிறேன். யாருக்கும் இரவல் தருவேன். கூலி வேண்டாம்.

என் இலக்கம் உங்களில் பலரிடம் இருக்கிறது. இந்த வருடம் உங்கள் முற்றத்திலிருந்து கூப்பிடுங்கள். நான் வருகிறேன்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் அண்ணன்